ஓஎல்இடியில் கோபுரம் பொடிப்பொடியாக வருகிறது, உதவி வேண்டும்

கேட்டவர், சத்துவாச்சாரி:
வணக்கம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அறிவியல் கண்காட்சிக்காக வேலூர்க் கோட்டை அகழியின் மாதிரி செய்கிறாள். அல்ட்ராசோனிக் சென்சார் தண்ணீர் மட்டத்தை அளக்கும், 0.96 அங்குல ஓஎல்இடி என்ற குட்டித் திரை அதைக் காட்டும். இவற்றை இயக்கும் கன்ட்ரோலர் போர்டு ஆர்டுயினோ ஊனோ, திரைக்கான லைப்ரரி (தயாராகக் கிடைக்கும் கோட்) அடாஃப்ரூட் நிறுவனத்துடையது. எண்கள் சரியாக வருகின்றன.

ஆன் செய்ததும் முதலில் ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரம் தெரிய வேண்டும் என்பது அவள் ஆசை. படத்தைப் புரோகிராம் கோட் ஆக மாற்றும் இமேஜ்2சிபிபி இணையதளத்தில் போட்டோவைப் போட்டு, திரையின் அளவான 128×64 புள்ளி என்று கொடுத்து, வந்த கோட் முழுவதையும் அப்படியே ஒட்டினேன். பிரவுசரில் முன்னோட்டம் அழகாக இருக்கிறது. டிஸ்ப்ளேயில் மேலே வானம் காலியாகவும் கீழே மதில் நிறைந்தும் இருக்கின்றன. நடுவில் கோபுரம் மட்டும் அரிசி நொய் கொட்டினதுபோல் சிதறிக் கிடக்கிறது. ஒயரை மாற்றிப் பார்த்துவிட்டேன். டிஸ்ப்ளேயே போய்விட்டதா?

பதில், காட்பாடி:
டிஸ்ப்ளே நன்றாக இருக்கிறது சார், எண்கள் வருகின்றனவே. வானமும் மதிலும் அதனதன் இடத்தில் இருப்பதாகச் சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. இமேஜ்2சிபிபியில் ட்ரா மோடு என்ற இடத்தில் வெர்டிகல் தேர்ந்திருப்பீர்கள். அதில் ஒரு பைட் என்பது மேலிருந்து கீழாக 8 புள்ளி. படத்தைத் திரையில் போட நீங்கள் அழைக்கும் ட்ராபிட்மேப் என்ற கட்டளையோ ஒரு பைட்டை இடமிருந்து வலமாக 8 புள்ளி என்று படிக்கும். அதனால் 8 வரிசை கொண்ட ஒவ்வொரு பட்டைக்குள்ளும் புள்ளிகள் கலைந்துபோகும், பட்டைகள் மட்டும் இடம் மாறாது. ஹரிசான்டல், 1 பிட் பர் பிக்சல் என்று மாற்றி மறுபடி கோட் எடுங்கள்.



கேட்டவர்:
வெர்டிகல்தான் இருந்தது! மாற்றியதும் கோபுரம் நேராக நின்றுவிட்டது, மிக்க நன்றி. அப்புறம், அகழி படம் ஒன்றையும் சேர்த்தேன். இப்போது திரை முழுக்கக் கறுப்பு. போர்டு அனுப்பும் செய்தியைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் அலோகேஷன் ஃபெயில்ட் (இடம் ஒதுக்க முடியவில்லை) என்று வருகிறது.

பதில், ராணிப்பேட்டை:
அண்ணா, இரண்டாவது படத்தின் அர்ரே (எண் பட்டியல்) தொடங்கும் வரியில் புரோக்மெம் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். 128×64 படம் ஒன்றுக்கு 1024 பைட். ஊனோவின் ரேம் மொத்தமே 2048. டிஸ்ப்ளே லைப்ரரி, திரைக்கு அனுப்பும் படத்தை வைத்துக்கொள்ளும் தன் பஃபருக்கு அதில் 1024 கேட்கும். அந்தச் சொல் இல்லையென்றால் படமும் ரேமில் உட்கார்ந்துகொள்ளும், பஃபருக்கு இடம் கிடைக்காது. இருந்தால் படம், புரோகிராம் இருக்கும் 32 கேபி ஃபிளாஷ் நினைவகத்திலேயே தங்கிவிடும்.

கேட்டவர்:
இரண்டாவது படத்துக்கு எண்களை மட்டும் காப்பி செய்து, மேல் வரியை நானே டைப் செய்திருந்தேன். புரோக்மெம் விட்டுப்போயிருந்தது. சேர்த்ததும் இரண்டு படமும் வருகின்றன தம்பி.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? கோபுரத்தின் நிலைகள் தனித்தனியாகத் தெரியவில்லை, ஒரே வெள்ளைக் கட்டியாக இருக்கிறது.

பதில், காட்பாடி:
மதிய வெயிலில் எடுத்த போட்டோவா சார்? இமேஜ்2சிபிபியில் பிரைட்னெஸ் த்ரெஷோல்டு 128இல் இருக்கும். அதைவிட வெளிச்சமான புள்ளியெல்லாம் வெள்ளையாகிவிடும். 170, 180 என்று ஏற்றிக்கொண்டே முன்னோட்டத்தைப் பாருங்கள். ஆனாலும் 64 வரிசைக்குள் ஏழு நிலைக் கோபுரம், வானமும் மதிலும் போக நிலைக்கு 9 வரிசைகூட முழுதாகக் கிடைக்காது. சிற்பத்தை எதிர்பார்க்க முடியாது. பெயின்ட்டில் 128×64 கறுப்புத் தாள் திறந்து, போட்டோவைப் பார்த்து வெள்ளைக் கோட்டால் பாப்பாவையே வரையச் சொல்லுங்கள். இந்தத் திரையில் போட்டோவைவிடக் கோட்டுப்படம்தான் எடுபடும்.

கேட்டவர்:
வரைந்துவிட்டாள். நிலைக்கு ஒரு படுக்கைக் கோடு, உச்சியில் கலசத்துக்கு வரிசையாகச் சில புள்ளிகள். இரண்டடி தள்ளி நின்றாலும் ஏழு நிலையையும் எண்ண முடிகிறது. போட்டோவை எடுத்துவிட்டு அதையே வைத்துவிட்டோம். இருவருக்கும் மகள் நன்றி சொல்லச் சொன்னாள்.