மகளுக்கு வலிப்பு: எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது?

கேள்வி

மகளுக்குப் 15 வயது. ஆறு வாரங்களுக்கு முன் ஒரு காலையில் பல் துலக்கும்போது கையிலிருந்த பிரஷ் தெறித்து விழுந்தது. "இன்னும் தூக்கமா?" என்று கடிந்துகொண்டேன். சற்று நேரத்தில் தரையில் கிடந்தாள், கைகால்கள் வெட்டி இழுத்தன. முந்தைய இரவு இரண்டு மணி வரை தேர்வுக்குப் படித்திருந்தாள்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், வளரிளம் பருவத்தில் தொடங்கும் மயோகுளோனிக் வலிப்பு என்றார். காலையில் கை திடீரென்று வெட்டுவதும் அதன் அறிகுறிதானாம். பல மாதங்களாகவே அவள் கையிலிருந்து டம்ளர் நழுவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் திட்டினேன். அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இப்போது காலையும் இரவும் லெவெட்டிராசிட்டம் மாத்திரை. அவள் அறையிலேயே படுக்கிறேன், குளிக்கும்போது கதவருகே நிற்கிறேன். நேற்று, "என்னைக் கொஞ்சம் விடு அம்மா!" என்று கத்தினாள். அப்படிக் கத்துகிற பெண்ணே இல்லை.

பதில் 1

சகோதரி, என் மகனுக்கு 13 வயதில் வந்தது. முதல் முறை பதற்றத்தில் வாய்க்குள் கரண்டியைத் திணித்து அவன் பல்லை உடைத்தவன் நான். வாயில் எதையும் வைக்கக் கூடாது, அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

கத்தினாள் என்கிறீர்களே, அந்த மாத்திரை சிலருக்குக் கடும் எரிச்சலையும் மனச்சோர்வையும் தரும். என் மகனுக்குத் தந்தது. மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் கடுமையாகத் திரும்பலாம்.

தூக்கத்திலும் மாத்திரை வேளையிலும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டால் கதவருகே நிற்க வேண்டியதில்லை.

பதில் 2

எனக்கு 16 வயதில் இதே வலிப்பு. இப்போது 24. மருத்துவர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார். விழுந்ததைவிட அதுதான் வலித்தது, ஏனென்றால் கை வெட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத்தானே தெரியும்! அடுத்த முறை அவளே பேசட்டும். பள்ளியில் யாரிடம் சொல்வது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். ஆனால் ஒருவருக்காவது முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். அதைப் பேரம் பேசியாவது வாங்குங்கள்.

டம்ளருக்காகத் திட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்களா?

கேட்டவர்

நேற்றிரவு கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து நீட்டினாள். தாழ்ப்பாளை இருவருமாகக் கழற்றினோம். எரிச்சலைப் பற்றி மருத்துவரிடம் நாளை அவளே பேசுகிறாள்.

இரண்டு தோழிகளின் பெயரை எழுதித் தந்திருக்கிறாள். அதில் ஒருத்தி, இனி அவளோடு சேராதே என்று நான் சொல்லியிருந்த பெண். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.