எசன்ஸ் போத்தலும் வேப் கலக்கிற பொடியன்களும்: கடையில் கண்டது

வேப் என்கிற மின் சிகரெட்டுக்குள் விடுகிற திரவத்தை வீட்டில் கலக்கத் தொடங்கினவர்களின் அனுபவத்தை இங்கே கேட்டிருந்தீர்கள். நான் வேப் இழுப்பதில்லை, கலப்பதும் இல்லை. ஆனால் கலக்க வெளிக்கிடுகிற பொடியன்கள் முதலில் வந்து நிற்பது என் கடை மாதிரிக் கடைகளில்தான். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் கரடிப்போக்குப் பக்கம் கேக் சாமான் விற்கிறேன். ஐசிங் சீனி, கோக்கோ, நிறம், எசன்ஸ், கேக் தட்டு எல்லாம் இருக்கும், வெயில் காலத்தில் நன்னாரி சர்பத்தும் போடுவேன். எசன்ஸ் வாங்க வருகிறவர்கள் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், போய்விடுவார்கள். லேபல் வாசிக்கிற ஆட்கள் குறைவு. ஒருநாள் ஏஎல் படிக்கிற வயதில் ஒரு பொடியன் வந்து ஸ்ரோபரி, வனிலா, மின்ட் மூன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, இது ஒயிலில செய்ததோ, தண்ணியில செய்ததோ?" என்று கேட்டான். சொக்லட் வார்க்கிறவர்கள் கேட்கிற கேள்வி அது, தண்ணீர் பட்டால் சொக்லட் திரைந்துவிடும். இவன் சொக்லட் வார்க்கிற ஆளாகத் தெரியவில்லை.

"என்னத்துக்குத் தம்பி?" என்றேன். முதலில் வாய் திறக்கவில்லை. கடையில் ஆள் குறைந்த பிறகுதான் சொன்னான். கொழும்பிலிருந்து கைமாறி வந்த வேப் ஒன்று சிநேகிதர்களுக்குள் சுற்றுகிறது, உள்ளே விடுகிற ஜூஸ் முடிந்துவிட்டது, வாங்குவதென்றால் விலை, கிடைப்பதும் கஷ்டம். கிளிசரினில் எசன்ஸ் விட்டால் சரி என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். கிளிசரின் போத்தலை பாமசியில் வாங்கி பொக்கற்றிலேயே வைத்திருந்தான்.

ஏசி அனுப்புவது லேசு. ஏசினால் அடுத்த கடைக்குப் போய் ஒன்றும் சொல்லாமல் வாங்குவான், அவ்வளவுதான் நடக்கும். லண்டனில் இருக்கிற என் தம்பி பல வருசம் சிகரெட் குடித்து, அதை விட வேண்டுமென்று வேப்புக்கு மாறினவன், திரவத்தைத் தானே கலக்கிறவன். இவனைக் கதிரையில் இருத்திவிட்டு தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தேன். நல்ல காலம், அவனுக்கு லீவு நாள்.

தம்பி ஒளிக்காமல் எல்லாம் காட்டினான். அவன் மேசையில் இருந்தது நாலு சாமான்: பிஜி, விஜி, வாசனைச் செறிவு, நிக்கோட்டின். பிஜி என்கிற புரொப்பிலீன் கிளைக்கோல் இளக்கமானது, வாசத்தைச் சுமப்பதும் தொண்டையில் பிடிப்பதும் அதுதான். விஜி என்கிற வெஜிடபிள் கிளிசரின் தடிப்பானது, புகை கனமாக வருவது அதனால். சிலர் இரண்டையும் சரிபாதியாக விடுவார்கள், சிலர் விஜி 70, பிஜி 30 என்று விடுவார்கள், அது இழுக்கிற கருவியைப் பொறுத்தது. தடித்த விஜியை ஊசிக்குழாயில் அளந்தால் குழாயில் ஒட்டிக்கொண்டு அளவு பிழைக்கும் என்று அவன் எல்லாவற்றையும் நிறுத்துத்தான் விடுகிறான். 0.01 கிராம் வரை காட்டுகிற சின்னத் தராசு. ஒரு மில்லிலீற்றர் விஜி 1.26 கிராம், பிஜி 1.04 கிராம் அளவில் வரும், அதை வைத்துக் கணக்குப் போடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்து வாசத்தை ஒன்றாகக் கொட்டுவார்கள் என்றான். அவன் செய்வது ஒரே ஒரு வாசம், 10 மில்லிலீற்றர் போத்தல், 100க்கு 5 பங்கு. அதற்கு மேலே விட்டால் ருசி கூடும் என்று நினைப்பது பிழை, ஒரு கட்டத்துக்குப் பிறகு சவர்க்காரம் மாதிரி அடிக்கும், சிலவேளை ஒரு ருசியும் தெரியாது. பழ வாசங்கள் சில நாளில் சரிவரும். வனிலா, கஸ்ரட் மாதிரியானவை இரண்டு மூன்று கிழமை இருட்டில் கிடந்தால்தான் ஒன்றுசேரும், ஆட்டிறைச்சிக் கறி மறுநாள் ருசிக்கிற மாதிரி. வனிலா போட்டது மண்ணிறமாகும், அது பழுது இல்லை. ஒவ்வொரு போத்தலிலும் திகதி, எடை, வாசத்தின் பெயர் எழுதி ஒட்டியிருந்தான்.

நிக்கோட்டின் போத்தலைத் தூக்க முதல் கையுறை போட்டான். அங்கே சட்டப்படி மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேலே விற்க ஏலாது, அதுவும் 10 மில்லிலீற்றர் போத்தலில்தான். மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராம் இருக்கிற 10 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை 50 மில்லிலீற்றர் நிக்கோட்டின் இல்லாத திரவத்தில் விட்டால் மொத்தம் 60, மில்லிலீற்றருக்கு 3 மில்லிகிராம் வரும். கணக்குப் பிழைத்தால் நிக்கோட்டின் கூடிப்போகும். கையுறை ஏனென்றால், நிக்கோட்டின் தோலாலும் உள்ளே போகும்.

பொடியனின் கண் விரிந்தது. தனக்கும் இதெல்லாம் ஏலும் என்று நினைத்திருப்பான். தம்பி உடனே, "சரி, இப்ப உன்ர கையில இருக்கிற போத்தலை வாசி பாப்பம்" என்றான்.

வனிலாவில் தண்ணீர், புரொப்பிலீன் கிளைக்கோல், வாசனை, நிறம். ஸ்ரோபரியில் சிவப்பு நிறத்துக்கு ஒரு இலக்கம். மின்டில் பெப்பர்மின்ட் எண்ணெய். வாசனை என்று ஒரு சொல்லில் போட்டிருப்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று எந்தப் போத்தலிலும் இல்லை. கிளிசரின் போத்தலில் வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று இருந்தது, அதை அவன் அதுவரை வாசிக்கவில்லை.

இதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். சர்பத் பாணி ஒரு சொட்டும் ஸ்ரோபரி எசன்ஸ் ஒரு சொட்டும் இரண்டு பழைய தேக்கரண்டியில் விட்டு காஸ் அடுப்பில் பிடித்தேன். பாணி முதலில் நுரைத்தது, பிறகு பொன்னிறம், பிறகு கறுத்துக் கரண்டியோடு ஒட்டிக்கொண்டது, மூக்கை அரிக்கிற புகை. எசன்ஸ் கெதியாக வற்றியது, ஆனால் கரண்டி துப்புரவாகவில்லை, கடும் சிவப்பில் ஒரு படை அடியில் நின்றது. நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். சுரண்டினான், வரவில்லை. வேப்புக்குள் இருக்கிற சின்னக் கம்பிச் சுருளும் சூடாகித்தான் திரவத்தை ஆவியாக்குகிறது. சீனியும் நிறமும் அதில் கருகிப் படிந்தால் அடுத்த இழுவையில் அந்தக் கருகலின் ஆவி நெஞ்சுக்குள் போகும்.

எண்ணெய்க் கதை அதைவிட மோசம். வயிற்றுக்குள் போகிற எண்ணெய் செரிக்கும், நுரையீரலுக்கு எண்ணெயைச் செரிக்கிற வழி இல்லை, மெல்லிய ஆவியாகப் போய் உள்ளே படிந்தால் சளிக்காய்ச்சல் மாதிரி வீக்கம் வரும். 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் மூச்செடுக்க ஏலாமல் ஆஸ்பத்திரிகளில் விழுந்தார்கள். 2020 பெப்ரவரி வரையில் 2,807 பேர், அதில் 68 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துப் போட்ட, கைமாறி வந்த குப்பிகள், அவற்றைத் தடிப்பாக்கச் சேர்த்த விற்றமின் ஈ அசிற்றேற்று என்கிற எண்ணெய்ப் பொருள்தான் முக்கிய காரணம் என்று கண்டார்கள். அது தோலுக்குப் பூசுகிற கிறீமிலும் விற்றமின் குளிசையிலும் இருக்கிற சாமான்தான், அங்கே பெரும்பாலும் கெடுதி செய்வதில்லை.

பட்டர் எசன்ஸும் அப்படித்தான். பட்டர் வாசம் தருகிற டைஅசிற்றைல் சாப்பாட்டில் பாவிக்க அனுமதியுள்ளது. ஆனால் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் மைக்ரோவேவ் சோளப்பொரி செய்த தொழிற்சாலையில் அந்த ஆவிக்குள் நின்று வேலை செய்தவர்களுக்கு நுரையீரலின் சின்னக் குழாய்கள் தழும்பாகி அடைத்துப்போனது தெரியவந்தது. அந்த நோய்க்கு பொப்கோர்ன் நுரையீரல் என்று பெயரே விழுந்துவிட்டது. பிரித்தானியாவில் இன்று நிக்கோட்டின் உள்ள வேப் திரவத்தில் அது சேர்க்கக் கூடாது. என் கடைப் பட்டர் எசன்ஸ் கேக்குக்குச் செய்தது, அந்த விதி அதற்கு இல்லை.

கிளைக்கோலை மலிவாக எங்காவது எடுக்கலாமா என்றும் பொடியன் கேட்டான். 2022இல் ஆபிரிக்காவில் இருக்கிற கம்பியா நாட்டில் இருமல் பாணி குடித்து 60க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகிச் செத்தது இந்தக் கிளைக்கோல் விசயத்தில்தான், நல்லதோடு டைஎதிலீன் கிளைக்கோல் என்கிற நஞ்சுச் சாமான் கலந்திருந்தது. இரண்டும் நிறமில்லாத, இனிப்பான திரவம், பார்த்தோ மணந்தோ பிரிக்க ஏலாது. மருந்துக் கம்பனிக்கே பிழைத்த இடத்தில் எங்கள் பொடியன் என்ன செய்வான்?

இதுதான் நான் சொல்ல வந்தது. வேப் கலக்குவது பழகக்கூடிய வேலைதான், தம்பி பழகியிருக்கிறான். ஆனால் அவன் வாங்குகிற நிக்கோட்டின் போத்தலுக்குப் பின்னால் ஒரு பரிசோதனையும் ஒரு சட்டமும் நிற்கிறது. இங்கே அது ஒன்றும் இல்லை. எங்கள் நாட்டில் மின் சிகரெட் 2016இல் வந்த விதிகளோடு தடையான பொருள், வாயில் அடக்குகிற புகையிலையும் அதோடு தடை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. ஊருக்கு வந்து நிற்கும்போது தம்பி தன் வேப்பைக் கொண்டுவருவதில்லை.

பொடியன் போத்தல்களைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டுப் போனான். பிறகு என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள், எல்லோருக்கும் லேபலைக் காட்டிக் கதைக்கிறேன். தருமபுரத்தில் மேசன் வேலை செய்கிற ஒரு அண்ணை மட்டும் வேறு மாதிரி. சிகரெட்டை விட வேண்டும், கனடாவில் மச்சான் வேப்பால் விட்டானாம், தானும் கலந்து பார்க்கட்டோ என்று கேட்டார். விட நினைக்கிற மனுசனுக்கு முகத்தைத் திருப்ப ஏலாது. 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் புகைத்தலை விட உதவுவார்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

முள்ளியவளையிலிருந்து ஒருவர்:

அக்கா, நல்ல விசயம் எழுதினீர்கள். நிக்கோட்டின் தோலால் போகும் என்றதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அப்பா இடம்பெயர்ந்து இங்கே வர முதல் யாழ்ப்பாணத்தில் புகையிலை செய்தவர். மழைக்குப் பிறகு ஈர இலை ஒடிக்கிற நாளில் சிலருக்குத் தலை சுற்றும், சத்தி வரும், முகம் வெளிறிப்போய் வரம்பில் இருந்துவிடுவார்கள். வெயில் என்று எல்லோரும் சொல்வார்கள். ஈர இலையிலிருந்து நிக்கோட்டின் கையால் ஏறுவதுதான் அது. இலையில் இருப்பதே அந்த வேலை செய்யும்.

மிளகாய்க்கு பூச்சி விழுந்தால் புகையிலைக் காம்பை ஊறவைத்த தண்ணீர் தெளிப்போம், பேன் பூச்சி சுருண்டு விழும். போன வருசம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் அதே தண்ணீரை வற்றக் காய்ச்சி வேப்புக்குள் விடலாமோ என்று என்னிடமே கேட்டான். பூச்சிக்கு அடிக்கிற சாமானை நெஞ்சுக்குள் அடிக்கப் போறியோ என்று கேட்டேன். எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாத தண்ணீர், அதற்குள் மண், பூஞ்சணம், இலைச்சாறு எல்லாம். நல்லவேளை கேட்டான். கேட்காமல் செய்கிறவன்தான் பயம்.

வவுனியாவிலிருந்து ஒருவர்:

பிரான்சிலிருந்து திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளை ஒன்று திரும்பிப் போகும்போது மாம்பழ வாசத்தில் ஒரு வேப்பை விட்டுவிட்டுப் போய்விட்டது. என் மகனின் மேசை லாச்சிக்குள் கண்டேன். வீட்டில் மூன்று வயதுக் குஞ்சும் இருக்கிறாள். இதை என்ன செய்வது? குப்பையோடு போட்டுக் கொளுத்திவிடட்டோ?

எழுதியவர்:

தங்கச்சி, கொளுத்தாதீர்கள். எங்கள் வளவுகளில் குப்பையைக் கூட்டிக் கொளுத்துகிற பழக்கம் இருக்கிறதுதானே, அதற்குள் இது போகவே கூடாது. உள்ளே லித்தியம் பற்றரி இருக்கிறது, நெருப்பில் வெடித்துச் சிதறும். தண்ணீருக்குள்ளும் போடாதீர்கள், உடைத்துப் பார்க்கவும் வேண்டாம், உடைத்தால் திரவம் கையில் படும். பாவித்து முடிய வீசுகிற வகை வேப்பை பிரான்ஸ் 2025 பெப்ரவரியிலும் பிரித்தானியா 2025 ஜூனிலும் தடை செய்ததற்கு இந்தப் பற்றரிக் குப்பையும் ஒரு காரணம், பிள்ளைகள் பழகுவது மற்றக் காரணம். வாய்வைக்கிற பக்கத்தில் ரேப் சுற்றி, மூடியிருக்கிற தகரப் பேணி ஒன்றில் வைத்து, குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். போன் திருத்துகிற கடைகளில் பழைய பற்றரி சேர்ப்பார்கள், கேட்டுப் பார்த்து அதோடு கொடுங்கள்.

பிரான்சில் தடைக்கு முதல் சட்டப்படி விற்றதென்றால் 2 மில்லிலீற்றர், அதிகம் போனால் 40 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கும். சின்னக் குழந்தைக்கு அது விளையாட்டில்லை. தற்செயலாக வாயில் வைத்தாலோ கையில் பூசினாலோ, தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சத்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள், அந்தச் சாமானையும் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். மகனோடு கதைக்கும்போது முதலில் எத்தனை தரம் இழுத்தான் என்று விசாரணை வைக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து லேபலை வாசியுங்கள். எழுத்துச் சின்னது, போனில் படம் எடுத்துப் பெருப்பித்தால் தெரியும்.