அழுகண்ணியில் பசைத்துளி வற்றி இலை கருகுகிறது: மண் மாற்றலாமா?

கேள்வி:
பூச்சி பிடித்து உண்ணும் அழுகண்ணிச் செடி (ட்ரோசீரா பர்மானி). 4 அங்குலத் தொட்டி, கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) ஆற்று மணலும் பாதிக்குப் பாதி. ஆர்ஓ தண்ணீர், டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 140. காலை வெயில் 2 மணி நேரம். 10 நாள் முன்பு 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) லிட்டருக்கு 1 கிராம் கரைத்து ஊற்றினேன். இப்போது இலையில் ஒரு துளிகூட இல்லை, ஓரங்கள் கருகுகின்றன. நடுவில் ஒரு தண்டு வேறு கிளம்புகிறது. மண் மாற்றட்டுமா?

பதில் 1:
மாற்றாதீர்கள். வேர் நூல் போல இருக்கும். அறுந்தால் பிழைப்பது கடினம். முதல் குற்றவாளி அந்த உரம்தான். சத்தில்லாத மண்ணில் பூச்சியைக் கரைத்துத் தழைச்சத்து எடுக்கும் செடி இது. வேரில் உப்பு ஏறினால் தண்ணீர் இழுக்க முடியாது, பசையும் சுரக்காது. கழுவாத கோகோபீட்டிலும் உப்பு உண்டு. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டின் தண்ணீர் ஆவியாக ஆக, உப்பு மட்டும் தொட்டியில் சேரும்.

மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ 1 லிட்டரை மெதுவாக மேலிருந்து ஊற்றி, வடிவதைக் கொட்டிவிடுங்கள். வடிநீரின் டிடிஎஸ் 50-க்குக் கீழே வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். அப்புறம் தட்டில் 1 செ.மீ. நீர் போதும். கருகிய இலை திரும்பாது; நடுவிலிருந்து வரும் புது இலையில் துளி நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஏசி தண்ணீர் ஊற்றலாமா?

பதில் 1:
டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றலாம். ஏசியை ரசாயனம் போட்டுக் கழுவிய சமயத்தில் மட்டும் வேண்டாம்.

பதில் 2:
அந்தத் தண்டு பூந்தண்டு. வெட்டாதீர்கள்! இது பெரும்பாலும் ஓராண்டுச் செடி. பூத்து விதைத்ததும் காய்ந்துபோவது அதன் இயல்பு. வெள்ளைப் பூ தானாகவே சூல்கொள்ளும். காய் பழுப்பானதும் கீழே காகிதம் வைத்துத் தட்டினால் தூள் போலக் கறுப்பு விதை உதிரும். ஈரமான பீட் பாசி (சதுப்பில் மக்கிய பாசி), மணல் கலவையின் மேலே தூவுங்கள், மூடாதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும்.

வெயிலும் போதாது. காட்டில் இது நீர் கசியும் செம்புரை மண்ணிலும் மணலிலும், புல் குட்டையாக உள்ள வெட்டவெளியில்தான் வளரும். 5 மணி நேர நேரடி வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்குங்கள். விதை கையில் இருந்தால் காட்டிலிருந்து யாரும் பிடுங்கிவரத் தேவையில்லை, தயவுசெய்து பிடுங்கவும் வேண்டாம்.