மறு: டெஸ்க்டாப் என்விரான்மென்ட் – ‘முன்கட்டு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினித் திரையில் நாம் பார்த்துப் புழங்குகிற தொகுப்பான ‘டெஸ்க்டாப் என்விரான்மென்ட்’டுக்கு ‘முன்கட்டு’ என்று நான் சொன்ன தமிழ்ச் சொல்லுக்கு வந்த கேள்விகளுக்கும் மறுப்புகளுக்கும் இது பதில்.

> ‘பணிச்சூழல்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறதுதான், வேறு பொருளில். எங்கள் மாவட்டத்து நெய்வேலிக்குப் போய் ‘பணிச்சூழலை மாற்றுவது எப்படி?’ என்று ஒரு தாளை நீட்டிப் பாருங்கள். தொழிற்சங்கத் துண்டறிக்கை என்று நினைத்துத்தான் வாங்குவார்கள். போதாததற்கு ‘சூழல்’ என்ற ஒரு சொல்லின் தலையில் நாம் நிறைய ஏற்றிவிட்டோம். சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்), நிரலாக்கச் சூழல், இப்போது இதுவுமா?

‘டெஸ்க்டாப்’பை அப்படியே பெயர்த்த ‘மேல்மேசை’ எனக்கு ஒட்டவே இல்லை. மேசை உவமை ஜெராக்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. 1981இல் வந்த அவர்களுடைய ஸ்டார் கணினி, அலுவலக அதிகாரியின் மேசையைத் திரைக்குக் கொண்டுவந்தது: கோப்பு, உறை, தபால் தட்டு. அவர்களுக்கு அது பொருத்தம். நாம் மேசையையும் மொழிபெயர்த்து, ‘மேல்’ என்பதையும் மொழிபெயர்த்து வைத்தால், கேட்பவருக்கு மரச்சாமான் கடைதான் நினைவுக்கு வரும்.

சரி, எனக்கு இந்தச் சிக்கல் எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனு தட்டச்சு, பிரின்ட், இத்யாதி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. அவருடைய கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கிடையாது, அதனால் 11க்கு முறைப்படி போக வழியில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்று பதிவிறக்கப் பக்கத்தைத் திறந்தேன். சின்னமன், எக்ஸ்எஃப்சிஈ, மாத்தே என்று மூன்று நின்றன.

“மூணும் மின்ட்டுதானே தம்பி, அப்புறம் எதுக்கு மூணு? சின்னமன்னா பட்டைதானே?”

“அது டெஸ்க்டாப் என்விரான்மென்ட்க்கா” என்றேன். அவர் மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைக் காட்டி, “டெஸ்க்டாப்தான் இங்க இருக்கே” என்றார்.

அவர் மேல் தவறில்லை. நம் பேச்சில் டெஸ்க்டாப் என்றால் அந்தப் பெட்டி. ‘டெஸ்க்டாப்ல சேவ் பண்ணு’ என்றால் திரையில் தெரியும் இடம். மூன்றாவதாக ஒரு பொருளை அதே சொல்லில் திணிக்க அங்கே இடமில்லை. அப்போது வாயில் வந்ததுதான் ‘முன்கட்டு’.

பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு உண்டல்லவா? வருகிறவர் உட்கார்வதும் பேசுவதும் முன்கட்டில். கிணறும் அடுப்பும் பின்கட்டில். லினக்ஸிலும் கருவும் (கெர்னல்) சாதன இயக்கிகளும் (டிரைவர்) பின்கட்டில் கிடக்கின்றன. நாம் பார்த்துப் புழங்குகிற சாளர மேலாளர் (சாளரங்களைத் திறந்து நகர்த்தும் நிரல்), பணிப்பட்டை, பட்டியல் (மெனு), கோப்பு மேலாளர் எல்லாம் சேர்ந்த தொகுப்பு முன்கட்டு. சின்னமனில் நீமோ, மாத்தேயில் காஜா, எக்ஸ்எஃப்சிஈயில் துனார் என்று கோப்பு மேலாளர்கூட முன்கட்டுக்கு முன்கட்டு மாறும். முன்கட்டை இடித்துக் கட்டினாலும் பின்கட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். விண்டோஸில் வீட்டோடு வந்த முன்கட்டுதான் கடைசிவரை. இங்கே இரண்டு மூன்றை நிறுவி வைத்து, உள்நுழையும் திரையில் இன்றைக்கு எது என்று தேர்ந்துகொள்ளலாம்.

இந்தச் சொல்லை வைத்து வரலாற்றைச் சொல்லிப் பார்த்தேன், இடறவில்லை. ‘1996இல் மத்தியாஸ் எட்ரிச் கேடீஇ முன்கட்டைத் தொடங்கினார். அது நம்பியிருந்த க்யூடி என்ற நிரல் நூலகத்தின் உரிமம் பிடிக்காதவர்கள் 1997இல் க்னோம் முன்கட்டைத் தொடங்கினார்கள். 2011இல் க்னோம் 3 முன்கட்டின் அமைப்பையே மாற்றியது. பழையதே வேண்டும் என்றவர்கள் க்னோம் 2ஐக் கிளைபிரித்து மாத்தே ஆக்கினார்கள்.’ இதே இடத்தில் ‘பணிமேசைச் சூழல்’ என்று போட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கும்.

> ஐ3, ஓப்பன்பாக்ஸ் எல்லாம் முன்கட்டா?

இல்லை. அவை சாளர மேலாளர்கள் மட்டும். திண்ணை மட்டும் இருக்கிறது, மிச்சத்தை நாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்று விளக்கலாம். (திண்ணையைக் கலைச்சொல்லாக்கச் சொல்லவில்லை. அந்த ஆசை எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.)

புதுச்சேரி நண்பரின் மறுப்புதான் கனமானது. வலைத்தள வேலையில் ஃப்ரன்ட்எண்ட் (பயனர் பார்க்கும் பகுதி) என்பதற்கும் ‘முன்கட்டு’ என்றே போய்விடுமே என்கிறார். போகலாம். அதற்கு ‘முன்முனை’ இருக்கிறது என்று வாதாடலாம்தான், ஆனால் இரண்டிலும் ‘முன்’ இருப்பதால் குழப்பம் வராது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. முதல்முறை வரும் இடத்தில் ‘திரை முன்கட்டு’ என்று எழுதிவிட்டு, பிறகு வெறும் முன்கட்டாக விடலாம் என்பது என் யோசனை. அவருடைய இன்னொரு கேள்விக்கு அவர் ஊரிலேயே விடை இருக்கிறது. க்னோமில் கேடீஇ செயலிகளைப் போட்டால் அது எந்த முன்கட்டு என்கிறார். வைசியாள் வீதி வீடுகளில் கீழே திண்ணையும் தாழ்வாரமும் தமிழ், மாடி பிரெஞ்சு. அதை யாரும் இரண்டு வீடு என்று சொல்வதில்லையே.

திரையில் தெரியும் அந்த வெற்றிடத்துக்கு ‘முற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் வேண்டாம். அங்கே ‘டெஸ்க்டாப்’ நன்றாக ஊறிவிட்டது, தோண்டி எடுக்க முடியாது.

அக்கா கடையில் 4 ஜிபி நினைவகம்தான் என்பதால் எக்ஸ்எஃப்சிஈ போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது பக்கத்துக் கடைப் பையனின் மடிக்கணினியில் சின்னமனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அந்த முன்கட்டு பளபளன்னு இருக்கே. நம்மளதுலயும் அத மட்டும் மாத்தினா, மனு ஃபைலெல்லாம் போயிடாதில்ல?”

நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போகாது என்று மட்டும் சொன்னேன்.

– மஞ்சக்குப்பத்திலிருந்து