பிஎஸ்சி நர்சிங் முடிச்சாச்சு, என்ஐசியூ வேலையில சேரலாமா? குழந்தைங்க வார்டுல இருக்கிறவங்க சொல்லுங்க

கேள்வி: தாராபுரத்துப் பொண்ணு

வணக்கம்ங்க. இந்த வருஷந்தான் பிஎஸ்சி நர்சிங் முடிச்சேன், கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷனும் கைக்கு வந்துருச்சு. கோயம்புத்தூர்ல ரெண்டு ஆஸ்பத்திரில இண்டர்வியூ போய் ரெண்டுலயும் எடுத்துட்டாங்க. ஒண்ணு பெரிய மல்டி ஸ்பெஷாலிட்டி, அங்க பெரியவங்க ஐசியூ. இன்னொண்ணு குழந்தைங்களுக்கு மட்டும் பாக்குற ஆஸ்பத்திரி, அங்க என்ஐசியூ, அதாவது பொறந்த குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சை வார்டு, ஆனா சம்பளம் மாசம் 2000 கம்மி.

மனசு என்னமோ ரெண்டாவதுக்குத்தான் போகுதுங்க. மூணாவது வருஷம் சைல்ட் ஹெல்த் போஸ்டிங் போட்டப்ப வார்டுல இருந்த குழந்தைங்க எங்கிட்ட நல்லா ஒட்டிக்குச்சு, மேடமும் பாத்துட்டு உனக்கு இது நல்லா வரும்னு சொன்னாங்க. ஆனா வெய்ன்பிளான் (மருந்து ஏத்த நரம்புல போடுற ஊசிக்குழாய்) போடும்போது குழந்தை வீல்னு கத்துச்சுன்னா எனக்கு கை உதறுது. அம்மா வேற பச்சக் குழந்தைங்க போறதெல்லாம் பாத்துட்டு வந்து எப்புடிச் சோறு திம்பேன்னு கேக்குறாங்க. சீனியர் அக்கா ஒருத்தங்க என்ஐசியூக்குள்ள போயிட்டா அப்புறம் வெளிநாடு போக முடியாது, அதுலயே மாட்டிக்குவேன்னு சொல்றாங்க. எதை எடுக்குறதுன்னே தெரியலைங்க, இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும்.

பதில் 1: நெல்லை சிஸ்டர்

தங்கச்சி, நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி எஸ்என்சியூல, அதான் பச்சக் குழந்தைங்க சிறப்பு சிகிச்சை வார்டுல, ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், அதுக்கு முன்னால பிரைவேட்ல பெரியவங்க வார்டும் பாத்துருக்கேன், அதனால ரெண்டையும் வச்சே சொல்லுதேன். என்ஐசியூ எடு. 2000 ரூபாய்க்காக விடாத.

கை உதறுதத நெனச்சு பயப்படாத, அது எல்லாருக்கும் இருக்கும். பொறந்த குழந்தைக்கு வெய்ன் தையல் நூல் மாதிரிதான் இருக்கும், நாம போடுறது 24ஆம் நம்பர் மஞ்சள் இல்லன்னா 26ஆம் நம்பர் வயலெட், கண்ணுக்கு தெரியாத வெய்னையும் விரல்ல தடவிப் பாத்து கண்டுபிடிக்க பழகிருவ. குத்துறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னால அம்மாவோட பால ரெண்டு சொட்டு நாக்குல விட்டு, துணில நல்லா சுத்தி கைய மட்டும் வெளிய எடுத்துப் பாரு, குழந்தை அழுகுறது நெஜமாவே கொறையும். ரெண்டு தடவ வரலைன்னா அடுத்த ஆளக் கூப்பிடணும், திரும்பத் திரும்ப குத்தக் கூடாது, இத எந்த சிஸ்டர் உனக்கு சொல்லிக் குடுக்காங்களோ அவங்க பின்னாலயே நில்லு.

ஆனா இந்த வேலைல கஷ்டம் ஊசி இல்ல. குழந்தைக்கு வாய் கெடையாது, அதுதான் கஷ்டம். பெரியவங்கன்னா நெஞ்சு வலிக்குன்னு சொல்லுவாங்க, மூச்சு முட்டுதுன்னு சொல்லுவாங்க. 1200 கிராம் குழந்தை ஒண்ணும் சொல்லாது. நேத்து வர டியூப்ல குடுத்த பால் நல்லா செரிச்சது, இன்னைக்கு அடுத்த ஃபீடுக்கு முன்னால பாத்தா பழைய பால் அப்படியே நிக்கி, கை கால் ஆட்டுறது கொஞ்சம் கம்மியா இருக்கு, தோல் ஒரு மாதிரி மங்கலா இருக்கு, பாதத்த தொட்டா சில்லுன்னு இருக்கு, இவ்வளவுதான். மானிட்டர்ல எல்லா நம்பரும் சரியாத்தான் ஓடிட்டு இருக்கும். அந்த நேரத்துல டாக்டர், இந்த பேபி நேத்து மாதிரி இல்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும், அது அன்னைக்கு டூட்டில இருக்குற சிஸ்டர்தான். ரத்தத்துல கிருமி ஏறுறதோட ஆரம்பம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். டெஸ்ட் ரிசல்ட் வரதுக்கு முன்னாலயே மருந்து ஆரம்பிச்சு பொழைச்ச குழந்தைங்க நெறைய உண்டு.

அப்புறம் டோஸ். இங்க எல்லாமே கிலோ கணக்கு. குறைமாசக் குழந்தைக்கு மூச்சு நிக்காம இருக்க குடுக்குற காஃபின் சிட்ரேட் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம்னா 1.2 கிலோ குழந்தைக்கு 6 மில்லிகிராம், மருந்து ஒரு எம்எல்ல 20 மில்லிகிராம் இருந்தா நீ எடுக்க வேண்டியது 0.3 எம்எல். புள்ளி ஒரு எடம் தள்ளிப் போச்சுன்னா 3 எம்எல் ஆயிரும், பத்து மடங்கு. அதனால 1 எம்எல் சிரிஞ்சுலதான் எடுக்கணும், ரெண்டு பேர் கணக்கு பாக்கணும். கணக்குல கவனம் இருக்குறவளா நீ இருந்தா இந்த வேலை உனக்கு ஒத்து வரும்.

சேருறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் கேட்டுக்க, நைட் ஷிப்ட்ல எத்தன பேபிக்கு எத்தன சிஸ்டர்னு. வெண்டிலேட்டர் பேபின்னா ஒருத்தருக்கு ஒண்ணு, மத்தபடி ஒருத்தருக்கு மூணு நாலு வர சமாளிக்கலாம். அதுக்கு மேல போனா நீ கத்துக்கவும் முடியாது, குழந்தைய பாக்கவும் முடியாது.

பதில் 2: பீடியா பிஜி

நான் எம்டி பீடியாட்ரிக்ஸ் (குழந்தைங்க டாக்டருக்கான மேல்படிப்பு) கடைசி வருஷம். மேல சிஸ்டர் சொன்னது நூத்துக்கு நூறு. டூட்டி ரூம்ல படுத்திருக்கும்போது எந்த சிஸ்டர் போன் பண்றாங்கன்னு பாப்போம், சில பேர் கூப்பிட்டா செருப்பு கூட போடாம ஓடுவோம், ஏன்னா அவங்க சும்மா கூப்பிட மாட்டாங்க. அந்த மரியாதை டிகிரியால வர்றது இல்ல.

குழந்தைங்க பெரியவங்களோட சின்ன சைஸ் இல்ல, இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. பேதி வந்து தண்ணி வத்திப் போன குழந்தைக்கு பிபி கடைசி வரைக்கும் நார்மலா நிக்கும், இதயத் துடிப்ப ஏத்தி ஏத்தி உடம்பு சமாளிச்சுட்டே வரும், பிபி இறங்கிடுச்சுன்னா அப்ப ஏற்கனவே லேட். அதனால பல்ஸ், கை கால் சூடு, விரல அழுத்தி விட்டா சிவப்பு திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுது, இதுதான் முக்கியம். மூச்ச முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும், பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்குறது குழந்தைங்க கிட்ட வேலைக்கு ஆகாது ஏன்னா பச்சக் குழந்தை விட்டு விட்டுத்தான் மூச்சு விடும். ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40, இத தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு.

சேர்ந்த உடனே என்ஆர்பி (பொறந்த குழந்தைக்கு மூச்சு வர வைக்கிறது), பிஏஎல்எஸ் (குழந்தைங்களுக்கான உயிர் காக்கும் அவசர சிகிச்சை) ரெண்டு கோர்ஸும் பண்ணிடுங்க. பொறந்து அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள பேக் மாஸ்க் வெச்சு காத்து கொடுக்கத் தெரிஞ்சா அதுலயே முக்காவாசி குழந்தைங்க கலர் திரும்பிடும், அத முதல் தடவ உங்க கையால பண்ணும்போது தெரியும் எதுக்கு இங்க வந்தோம்னு. என்ஐசியூல ஒரு ரெண்டு வருஷம் இருந்துட்டு முடிஞ்சா பிஐசியூவோ (கொஞ்சம் பெரிய குழந்தைங்களோட ஐசியூ) எமர்ஜென்சியோ மாத்திக் கேளுங்க, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி மாதிரி பெரிய எடங்கள்ல வர்ற கேஸ் வகை வேற எங்கயும் பாக்க கிடைக்காது.

பதில் 3: யாழினி அம்மா

நான் நர்ஸ் இல்லப்பா, 30 வாரத்துல பொறந்த குழந்தையோட அம்மா. படிச்சிட்டு சும்மா போக முடியல அதான் எழுதுறேன்.

என் பொண்ணு 1150 கிராம் இருந்தா. எனக்கு ஆபரேஷன் ஆகி நடக்கவே முடியல, கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டு இது பொழைக்காதுன்னு நானே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். அங்க இருந்த ஒரு சிஸ்டர்தான் கைய நல்லா கழுவ வெச்சு உள்ள கூட்டிட்டுப் போய் என் உள்ளங்கைய அவ தலை மேல வெச்சாங்க, தடவாதீங்க, சும்மா அழுத்தமா வெச்சிருங்க, தடவினா அதுக்கு கூசும்னு சொன்னாங்க. பால் வரலைன்னு நான் அழுதப்போ மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ பீச்சிப் பாருங்க, ரெண்டு சொட்டு வந்தாலும் கொண்டு வாங்கன்னு பாலாடைல வாங்கிட்டு போவாங்க. அந்த ரெண்டு சொட்ட ஒரு தடவ கூட கீழ ஊத்தல. அப்புறம் கங்காரு மாதிரி நெஞ்சோட கட்டி வெச்சுக்க சொல்லிக் கொடுத்தாங்க, என் வீட்டுக்காரரும் சட்டைய கழட்டிட்டு உக்காந்து வெச்சுக்கிட்டாரு, மாமியாருக்கு முதல்ல அது ஒரு மாதிரிதான் இருந்துச்சு, அப்புறம் எடை ஏறவும் அவங்களே நேரம் ஆச்சு போங்கன்னு விரட்டுவாங்க.

இன்னொண்ணு. டிஸ்சார்ஜ் ஆகும்போது அதே சிஸ்டர் கண் டெஸ்ட் தேதிய பெருசா எழுதி கவர்ல ஒட்டி, இத மட்டும் தள்ளிப் போடாதீங்கன்னாங்க. குழந்தை நல்லாத்தான் பாக்குது, எதுக்குன்னு வீட்ல கேட்டாங்க. போய் பாத்தா விழித்திரைல பிரச்சனை ஆரம்பிச்சிருந்துச்சு, லேசர் வெச்சாங்க. இப்போ ஸ்கூல் போறா, நல்லா பாக்குறா. அதே ஆஸ்பத்திரில இன்னொருத்தங்க என்ன கேட்டாலும் டாக்டர கேளுங்கன்னு மூஞ்ச திருப்பிக்குவாங்க, அதுவும் ஞாபகம் இருக்கு. கை உதறுதுன்னு கவலப்படுறீங்களே, குழந்தை அழுதா உதறுற கைதான்மா எங்களுக்கு வேணும்.

பதில் 4: குவைத் மதுரக்காரன்

வெளிநாடு போக முடியாதுன்னு சொன்னது தப்பு. கல்ஃப்ல என்ஐசியூ சிஸ்டர்ஸுக்கு எப்பவும் ஆள் எடுத்துட்டுதான் இருக்காங்க, ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்க, பிரைவேட் ஏஜென்ட்ட நம்பாம தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, அதையும் பாருங்க. யூகே கொஞ்சம் வேற. அங்க குழந்தைகள் நர்சிங் தனி ரிஜிஸ்ட்ரேஷன், நாம இங்க ஜெனரல் படிச்சதால பெரும்பாலும் அடல்ட் நர்ஸாத்தான் பதிவு பண்ண முடியும், ஆனா அந்த ரிஜிஸ்ட்ரேஷனோட அங்க நியோநேட்டல் யூனிட்ல வேலை பாக்குறவங்களும் இருக்காங்க. அதனால அடைச்சுப் போற பாதை கிடையாது.

நான் சொல்ல வர்றது வேற விஷயம். ஒரிஜினல் சர்டிபிகேட்ட கொடுக்காதீங்க. என்னோட முதல் வேலைல பாண்டுன்னு சொல்லி வாங்கி வெச்சுகிட்டு, நல்ல வேலை வந்தப்ப பணம் கட்டினாத்தான் தருவோம்னு அலைய விட்டாங்க. ஜெராக்ஸ் கொடுங்க, ஒரிஜினல காட்டிட்டு கையோட வாங்கிட்டு வாங்க. பையங்க யாராவது இத படிச்சா, குழந்தைங்க வார்டுல ஆம்பள நர்ஸ எடுக்குறது கம்மிதான், ஆனா எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்குற நார்செட் எக்ஸாம் நமக்கும் இருக்கு, விடாதீங்க.

பதில் 5: பிசியோ கவிதா

குழந்தைங்க கூட வேலைன்னா என்ஐசியூ மட்டும் இல்லைன்னு சொல்லிட்டு போறேன். 2013ல ஆர்பிஎஸ்கேன்னு குழந்தைங்க உடல்நலத்துக்கான மத்திய அரசு திட்டம் வந்ததுக்கு அப்புறம் மாவட்டத்துல ஆரம்ப நிலை இடையீட்டு மையம்னு இருக்கு, பிசியோ, ஸ்பீச், கண், பல், சைக்காலஜி, ஸ்பெஷல் எஜுகேட்டர் எல்லாரும் ஒரே எடத்துல. என்ஐசியூல இருந்து பொழைச்சு வர்ற குழந்தைங்க அடுத்து எங்ககிட்டதான் வருவாங்க, கழுத்து நிக்கலை, ஒரு கைய மட்டும் மூடியே வெச்சிருக்கு, கூப்பிட்டா திரும்பலைன்னு. சீக்கிரம் வந்தா எவ்வளவோ பண்ணலாம். நைட் டூட்டி ஒத்து வரலைன்னா பின்னாடி இந்தப் பக்கமும் யோசிங்க.

தாராபுரத்துப் பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. யாழினி அம்மா எழுதினத அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், ஒண்ணுமே பேசலைங்க. நெல்லை அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும், குழந்தை தவறிடுச்சுன்னா நீங்க எப்புடி அடுத்த நாள் டூட்டி போறீங்க?

நெல்லை சிஸ்டர்

போய்த்தான் ஆகணும்மா, பக்கத்து வார்மர்ல (குழந்தைய சூடா வச்சிருக்குற படுக்கை) இன்னொரு குழந்தை இருக்கும்லா. அழுகை வந்தா அழுவேன், ஸ்டோர் ரூம்ல எங்க இன்சார்ஜும் என் கூட நின்னு அழுதுருக்காங்க. அந்த அம்மா கையில குழந்தைய குடுக்கும்போது வயர் டியூப் எல்லாம் எடுத்துட்டு, தொடச்சு, நல்ல துணில சுத்திக் குடுக்கணும், அவசரப்படுத்தக் கூடாது, அது ஒண்ணு நம்மளால ஆகும். ஆனா உங்க அம்மாட்ட இதையும் சொல்லு, 2020 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஆயிரம் குழந்தை பொறந்தா ஒரு வயசுக்குள்ள தவறுறது 13, இந்தியாவுக்கு 28. எங்க யூனிட்ல 1800 கிராமுக்கு கீழ உள்ளதெல்லாம் வந்து படுக்கும், அதுல பெரும்பாலானது வீட்டுக்குத்தான் போகுது. நீ போன் பண்ணி ஷிப்ட் கணக்க கேளு, எத்தன மாசம் சீனியர் கூட நிக்க விடுவாங்கன்னும் கேளு. கேட்டுட்டு இங்கயே எழுது, பாத்து சொல்லுதேன்.

தாராபுரத்துப் பொண்ணு

நைட்ல ஒரு சிஸ்டருக்கு மூணு பேபியாம், வெண்டிலேட்டர் பேபிய முதல் மூணு மாசம் தனியா தர மாட்டாங்களாம். சர்டிபிகேட் ஜெராக்ஸ் போதும்னுட்டாங்க. ஒண்ணாந்தேதி சேரச் சொல்லிருக்காங்க அக்கா, சரின்னுட்டேன்.