நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வருகிறது. குழந்தையை இழந்த மருமகளை எப்படி உட்கார வைப்பது?

கண்டனூர் ஆச்சி கேட்கிறார்:

போன மார்கழியில் எங்கள் மருமகளுக்கு நாலு மாதம். நோன்பன்று, மாவில் நூல்திரி வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போடுகிற இழையில், தனக்கு ஒன்று, வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு எடுத்துக்கொண்டாள். எட்டாம் மாதத்தில் அசைவு நின்று, குழந்தை இறந்தே பிறந்தது. இப்போது திருக்கார்த்திகை நெருங்குகிறது. சாமி வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்கிறாள். ஆனால் தலையணைக்கடியில் திருநீற்றுப் பொட்டலம் இருக்கிறது. நோன்புக்கு அவளைக் கூப்பிடலாமா? பிள்ளை பிறந்தால் குன்றக்குடியில் முடி இறக்குவதாக மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசை என்ன செய்வது? அவள் படிக்கிற மாதிரி ஏதாவது உண்டா?

கோட்டையூர்க்காரர்:

கூப்பிடுங்கள் ஆச்சி, ஆனால் நோன்பன்று சாயங்காலம் கூப்பிடாதீர்கள். கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்பே, வீட்டில் கூட்டம் இல்லாத நேரத்தில் கேளுங்கள். "வரணும்" என்று சொல்லாமல் "என்னம்மா செய்யலாம்?" என்று கேட்டால் போதும்.

கார்த்திகையிலிருந்து 21 நாளும் கோடி வேட்டியிலிருந்து (புது வேட்டி) தினம் ஒரு நூல் எடுத்து வைக்கிறோமே, அந்த வேலையை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. மந்திரம் வேண்டாம், யார் முன்னாலும் உட்கார வேண்டாம். கும்பிட வராதவர்களுக்குக் கூட கை வேலை வரும். பாதியில் விட்டுவிட்டால் நீங்கள் தொடருங்கள், ஏன் என்று கேட்காதீர்கள்.

சஷ்டியும் சதயமும் கூடும் அந்த இரவில்தான் கவனம் வேண்டும். இழை கொடுக்கிற பெரியவர் வழக்கம்போல "மாசமா இருக்கவுக ரெண்டு எடுத்துக்கங்க" என்பார். யாராவது "அடுத்த வருஷம் நீயும் ரெண்டு எடுப்பே" என்று வாழ்த்துவார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள், ஆனால் அவளுக்கு அந்த இரண்டும் தாங்காது. பெரியவரிடமும் பங்காளி வீட்டுப் பெண்களிடமும் முன்கூட்டியே நீங்களே பேசிவிடுங்கள். அவளைப் பின்வரிசையில், எழுந்து போக வழி உள்ள இடத்தில் உட்கார வையுங்கள். சுடரோடு இழையை வாயில் போடும் நேரத்தில் அவள் அழுதால் அழட்டும், அபசகுனம் என்று யாரும் தடுக்க வேண்டாம். வரவே இல்லையென்றால் இழைமாவை மறுநாள் எதுவும் சொல்லாமல் அவள் கையில் கொடுங்கள்.

குழந்தைக்கென்று இரண்டாவது இழை எடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். இழை உயிரோடு இருப்பவர்களுக்கானது. கார்த்திகையன்று முற்றத்தில் நெய் ஊற்றி ஓர் அகல் கூடுதலாக வையுங்கள். யாருக்கென்று கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் சொல்லத் தேவையில்லை. பல் முளைக்காத குழந்தைக்குக் கருமாதி, பிண்டம் என்று எதுவும் நம்மில் கிடையாது. அதனாலேயே பெற்றவளுக்குச் செய்து தீர்க்க ஒன்றும் இல்லாமல் போகிறது. அந்த அகலாவது இருக்கட்டும்.

குன்றக்குடி வாசகர்:

முடிந்த காசுக்குப் பயப்பட வேண்டாம். வேண்டுதலே "பிள்ளை வந்தால்" என்பதுதானே. அந்த நிபந்தனை நிறைவேறவில்லை, கடன் எதுவும் நிற்கவில்லை. துணியோடு உண்டியலில் சேர்த்துவிடலாம். ஆனால் அவளை அழைத்துக்கொண்டு குன்றக்குடிக்குப் போகாதீர்கள், இப்போதைக்கு. முடி இறக்கும் கைக்குழந்தைகளும், காது குத்துகிற கூட்டமும் மலையடிவாரத்திலேயே கண்ணில் படும். மகனிடம் கொடுத்துவிடுங்கள். அவனுக்கும் ஒரு காரியம் வேண்டும், எல்லாரும் மருமகளையே கேட்கிறார்கள் என்றால் அவன் எங்கே போய்ச் சொல்வான்? அவளுக்குக் கோயில் வேண்டும் என்றால் இரணியூர், வைரவன்பட்டி மாதிரி நகரத்தார் கோயில் ஒன்றில், விசேஷம் இல்லாத நாளில், காலையில் பிரகாரத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்டு வாயைக் கிளற வைக்க வேண்டாம்.

இந்த நேரத்தில் பரிகாரம் சொல்கிறவர்கள் வருவார்கள். நாகதோஷம், பித்ரு தோஷம் என்று ஆயிரக்கணக்கில் செலவு சொல்வார்கள். பணம் போனாலும் போகட்டும், "உன் மேலதான் குறை" என்று அவளுக்கு உள்ளே ஒன்று பதிந்துவிடும். முதல் ஒரு வருடம் எந்த புது வேண்டுதலும் வைக்காதீர்கள். "போன ஜென்மத்துப் பாவம்" வேண்டாம். "நல்ல பூவை சாமியே பறிச்சுக்கிட்டார்" என்பதும் வேண்டாம். அவளிடமிருந்து பிடுங்கியது சாமிதான் என்றுதான் அது அவள் காதில் விழும்.

அரியக்குடி ஆச்சி:

படிக்கக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் எதை வேண்டாம் என்று சொல்கிறேன். அப்பூதியடிகள் மகன் பாம்பு கடித்து மாண்டு எழுந்தது, அவிநாசியில் முதலை உண்ட பிள்ளை மீண்டது, சிறுத்தொண்டர் கதை, இந்த மூன்றையும் இப்போது சொல்லாதீர்கள். எல்லாமே பிள்ளை திரும்பி வரும் கதைகள். "எனக்கு மட்டும் ஏன் தரலை?" என்ற கேள்விக்குப் பதில் யாரிடமும் கிடையாது.

பெருமாள் திருமொழியில் ஏழாம் பதிகத்தை எடுத்து வையுங்கள், 11 பாசுரம். குலசேகராழ்வார் தேவகியாக நின்று பாடியது. கண்ணனைப் பெற்றும் தாலாட்டவும், பால் கொடுக்கவும், தவழ்வதைப் பார்க்கவும் வாய்க்காதவளின் புலம்பல். "சரியாகிவிடும்" என்று அது எங்கும் சொல்லாது. அதனால்தான் நான் சொல்கிறேன். சைவ வீடென்று தயங்க வேண்டாம். நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள். பக்கத்தை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாசுரத்துக்கு மேல் வேண்டாம்.

சாமி மேல் கோபமா? இருக்கட்டும். திருவாரூரில் சுந்தரர் "வாழ்ந்து போதீரே" என்று ஈசனையே கடிந்து பாடவில்லையா? ஏசுவதும் பேசுவதுதான். திருநீறு தலையணைக்கடியில் இருக்கிறது என்றால், அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

தேவகோட்டை செவிலியர்:

இரண்டு விஷயம் மட்டும். நோன்பு, விரதம் எதுவானாலும் ஹீமோகுளோபின் பார்த்த பிறகு. பிரசவத்தில் ரத்தம் போனவள். இரண்டாவது, டிஸ்சார்ஜ் சம்மரியோடு மருத்துவரிடம் போய் ஒருமுறை உட்கார்ந்து காரணம் கேளுங்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி. பரிசோதனை செய்தும் காரணம் தெரியாமல் போவது உண்டு, அதையும் மருத்துவர் வாயால் அவள் கேட்கட்டும். கிரகணத்தில் வெளியே வந்தேன், மாடி ஏறினேன் என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

தூக்கமே இல்லாமல், சாப்பிடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, "நானும் போயிடுறேன்" என்று ஒருமுறை சொன்னாலோ, பூசையை நம்பிக் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

கண்டனூர் ஆச்சி:

நூல் எடுக்கும் வேலையை இன்று ராத்திரியே கேட்டுப் பார்க்கிறேன். பெரியவரிடம் மகனை விட்டுச் சொல்வதைவிட நானே போய்ச் சொல்வதுதான் சரி.