அகில் கட்டையை வீட்டில் வைப்பது பற்றி அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மலைமுகடு போன்ற வடிவில், செதுக்காமல் இயல்பாகவே விடப்பட்ட, ஒரு சாண் உயரமுள்ள அகில் கட்டை ஒன்று எனக்கு அன்பளிப்பாக வந்திருக்கிறது. வெளிறிய மரத்தின் நடுவே மை இழுத்ததுபோல் கரிய பிசின் ரேகைகள் ஓடுகின்றன. உள்ளங்கையைச் சிறிது நேரம் அழுத்தி வைத்தால் மட்டுமே மெல்லிய இனிப்பு மணம் எழுகிறது.

காயம்பட்ட மரத்துக்குள் பூஞ்சை புகும்போது, அதை எதிர்த்து மரம் சுரக்கும் பிசினே இந்த மணத்துக்குக் காரணம் என்பதால், துன்பத்தை நறுமணமாக மாற்றிக்கொண்ட பொருளாக இதைக் கருதி, வழிபடும் இடத்தில் வைக்க விரும்புகிறேன். வீட்டில் வைத்தாலே செல்வம் சேரும் என்ற பேச்சை நான் பொருட்படுத்தவில்லை (விற்பவருக்கு வேண்டுமானால் சேரலாம்).

அகிலைப் புகைக்காமல், எதிரில் வைத்துத் தியானம் மட்டும் செய்பவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன். விளக்கின் வெப்பம் நாளடைவில் மணத்தைக் குறைத்துவிடுமா? எண்ணெய் தடவச் சொல்கிறார் நண்பர் ஒருவர். அது இயல்பான வாசனையை மூடிவிடாதா? அகில் தரும் அக்குயிலாரியா மரங்கள் அனைத்தையும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க 2004-இல் முடிவானதால், இது தோட்டத்து மரமா, காட்டில் வெட்டியதா என்று அறியும் வழியையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.